மண்டியைப் பார்த்துவிட்டு மூடியைத் திறங்கள்

வீட்டில் தயாரித்த பீர் பாட்டில் ஒன்றை யாரிடமாவது கொடுத்துப் பாருங்கள். வாங்கிய கையோடு வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார்கள். அடியில் படிந்திருக்கும் வெளிர்மஞ்சள் படலம் கண்ணில் பட்டதும் முகம் மாறும். "கெட்டுப்போய்விட்டதா?" என்று கேட்பார்கள். என் மைத்துனர் இன்னும் ஒரு படி மேலே போய், "அத்தான், வடிகட்டாமலே அடைத்துவிட்டீர்களா?" என்றார். "ஆமாம், வடிகட்டியிருந்தால் இதில் நுரையே இருக்காது" என்று சொன்னேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. அவருக்கும் அவரைப் போல் கேட்கிற எல்லோருக்கும் சேர்த்து இங்கே விரிவாக எழுதிவிடுகிறேன்.

அந்த மண்டி முழுவதும் ஈஸ்ட். பாட்டிலுக்குள் வாயுவை உண்டாக்கிவிட்டு, தின்பதற்கு ஒன்றும் மிஞ்சாததால் அடியில் போய்ப் படுத்திருக்கும் ஈஸ்ட். அதை மறைக்க வேண்டியதில்லை, அதற்காக விருந்தினரிடம் மன்னிப்புக் கேட்கவும் வேண்டியதில்லை. ஒரு பாட்டிலைத் திறக்கும் முன்பே அதன் சரித்திரத்தைச் சொல்லக்கூடியது அது ஒன்றுதான் என்பது என் உறுதியான எண்ணம். நிறம், தடிமன், இறுக்கம், எந்த இடத்தில் ஒட்டியிருக்கிறது என்பதையெல்லாம் பார்க்கத் தெரிந்தால், முக்கால்வாசி விஷயம் மூடி கழல்வதற்கு முன்பே தெரிந்துவிடும்.

பெரிய ஆலைகள் பலவற்றில் பீரை நுண்ணிய வடிகட்டிகளில் செலுத்தி ஈஸ்ட்டை நீக்கிவிட்டு, வெளியிலிருந்து கரியமில வாயுவை அழுத்தத்தில் ஏற்றுகிறார்கள். அதனால்தான் கடைப் பாட்டிலின் அடி கண்ணாடி போல் இருக்கிறது. நாமோ நொதித்து முடிந்த பீரில் லிட்டருக்கு ஆறு கிராம் அளவில் சர்க்கரையைக் கரைத்துச் சேர்த்து, பாட்டிலில் ஊற்றி, இறுக்கமாக மூடிவிடுகிறோம். கண்ணுக்குத் தெளிந்துவிட்டதாகத் தோன்றும் பீரிலும் ஒரு மில்லிலிட்டருக்குப் பத்து லட்சம் ஈஸ்ட் செல்கள் மிதப்பது சாதாரணம். இந்த வேலைக்கு அவ்வளவே போதும். 20 முதல் 24 டிகிரி செல்சியஸில் இரண்டு வாரம் வைத்தால் அவை அந்தச் சர்க்கரையைத் தின்று தீர்த்துவிடும். ஆறு கிராம் சர்க்கரையிலிருந்து ஏறக்குறைய மூன்று கிராம் கரியமில வாயு கிடைக்கிறது. மூடியிருப்பதால் அது வெளியேற வழியில்லாமல் பீரிலேயே கரைகிறது. முதல் நொதித்தலின்போது கரைந்து தங்கியதையும் சேர்த்தால், பீரின் கனஅளவைப் போல் ஏறத்தாழ 2.4 மடங்கு வாயு. அறை வெப்பத்தை ஒட்டி நொதிக்கவைக்கும் பீர்களான ஏல் வகைகளில் பெரும்பாலானவற்றுக்கு இது நல்ல அளவு. கூடவே சிறிதளவு ஆல்கஹாலும் கூடும், 0.4 சதவீதத்துக்குள்.

இந்த இரண்டாவது நொதித்தலால் இன்னொரு நன்மையும் உண்டு. அதை வேண்டிய அளவுக்கு யாரும் பேசுவதில்லை. பாட்டிலின் கழுத்தில் தங்கும் காற்றில் ஆக்சிஜன் இருக்கிறது. பீருக்கு அதைவிடப் பெரிய பகை கிடையாது. நாளாக ஆக நனைந்த அட்டையின் வாசம் வருவதற்கு அதுவே காரணம். விழித்தெழும் ஈஸ்ட் அந்த ஆக்சிஜனில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கிறது. அடியில் மண்டி உள்ள பாட்டில் நீண்ட நாள் புதிதாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

என் மேசையில் ஒரு நுண்ணோக்கி இருக்கிறது. 400 மடங்கு பெரிதாக்கும் பள்ளிக்கூட வகை. இந்த வேலைக்கு அது தாராளம். ஊற்றி முடித்த பாட்டிலின் கடைசித் துளியைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, மெத்திலீன் நீலம் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பேன். உயிருள்ள செல்கள் அந்தச் சாயத்தை நிறமிழக்கச் செய்துவிடும். செத்தவை நீலமாகவே நிற்கும். முட்டை வடிவில், குறுக்களவில் ஐந்து முதல் பத்து மைக்ரோமீட்டர் வரை உள்ள அந்த உருவங்கள் நிறமற்று, விளிம்பு மின்னக் கூட்டம் கூட்டமாக நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு தடவையும் மனம் பூரிக்கிறது. நுண்ணோக்கி வழியே நுண்ணுயிர்களைக் கண்ட டச்சுக்காரர் லீவன்ஹுக் 1680-இல் தன் கையால் தேய்த்த ஒற்றைக் கண்ணாடி வில்லை வழியாகப் பீரில் பார்த்ததும் இதே உருண்டைகளைத்தான். அவை உயிருள்ளவை என்று அவர் அறியவில்லை. ஜெர்மானிய உடலியலாளர் தியோடர் ஷ்வான் முதலியோர் அதை எடுத்துக்காட்ட 1830-கள் வரை ஆயிற்று. அப்போதும் பெரிய வேதியியலாளர்கள் சிலர் ஒப்புக்கொள்ள மறுத்தார்கள். அவ்வளவு காலமும் மனிதர்கள் இந்த மண்டியை ஒரு தொட்டியிலிருந்து அடுத்த தொட்டிக்கு எடுத்துப் போட்டு, அது என்னவென்றே தெரியாமல், நல்ல பீரைத் தயாரித்து வந்திருக்கிறார்கள்.

ஈஸ்ட் எப்படிப் படிகிறது என்பது தெரிந்தால் பாதிக் கேள்விகள் தீரும். தனியாக மிதக்கும் ஒரு செல் பீரைவிடக் கொஞ்சம்தான் கனமானது. அது மணிக்குச் சில மில்லிமீட்டர் வேகத்தில் இறங்கும். விழும் வேகம் துகளின் விட்டத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும் என்று 1851-இல் இயற்பியலாளர் ஸ்டோக்ஸ் கணக்கிட்டுச் சொன்னார். எனவே செல்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளாகிவிட்டால் பல மடங்கு வேகமாக இறங்கும். ஒட்டவைப்பது செல் சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு வகைப் புரதம். அது பக்கத்துச் செல்லின் சுவரில் உள்ள மேனோஸ் என்ற சர்க்கரையைப் பற்றிக்கொள்ளும். பற்றுவதற்குக் கால்சியம் தேவை. பீரில் இன்னும் சர்க்கரை இருக்கும்வரை அந்தச் சர்க்கரையே போய்ப் புரதத்தின் பிடியை அடைத்துக்கொள்வதால் செல்கள் ஒட்டுவதில்லை. சர்க்கரை தீர்ந்ததும் பிடி விடுபட்டு, அண்டைச் செல்லைப் பற்றுகிறது. வேலை இருக்கும்வரை மிதந்து, வேலை முடிந்ததும் திரண்டு இறங்குகிற இந்த ஒழுங்கு இல்லாவிட்டால் வீட்டில் தெளிந்த பீர் என்பதற்கே வழியில்லை.

இந்தப் பிடிப்பு எல்லா ஈஸ்ட்டுக்கும் ஒன்றுபோல் இருக்காது. ஆங்கிலேய ஏல் ஈஸ்ட்டுகள் பல இறுகப் படியும். உலர் பொட்டலமாகக் கிடைக்கும் எஸ்-04 அப்படிப்பட்டது. பாட்டிலைச் சாய்த்தாலும் அடியில் பூசியது போல் அசையாது. யுஎஸ்-05 நடுத்தரம், அதற்குப் பொறுமை வேண்டும். கோதுமை பீர் ஈஸ்ட்டுகள் பெரும்பாலும் பொடியாக நிற்கும், தொட்டால் கலங்கும். பாட்டிலில் அடைக்கும்போது சேர்ப்பதற்கென்றே விற்கப்படும் சிபிசி-1 என்ற ஈஸ்ட்டும் உண்டு. அது அடியில் பாய் விரித்தது போல் படுத்துவிடும். மண்டி பிடிக்காதவர்கள் வடிகட்டியைத் தேடுவதற்கு முன் ஈஸ்ட்டை மாற்றிப் பார்க்கலாம்.

இனி மண்டியைப் படிப்பது. பாட்டிலை அசைக்காமல் விளக்குக்கு எதிரே நிறுத்தி, முதலில் தடிமனைப் பார்ப்பேன். ஒரு மில்லிமீட்டர், மிஞ்சினால் இரண்டு மில்லிமீட்டர், வெண்ணிறத்திலோ வெளிர்மஞ்சளிலோ சமமாகப் படிந்திருந்தால் எனக்குக் கவலையே இல்லை. அந்த பீர் நொதித்து முடியும்வரை காத்திருந்து, தெளியவிட்டு, பக்குவமாக இறுத்து அடைக்கப்பட்டது. அரை சென்டிமீட்டர் உயரத்துக்குக் கிடந்தால் அவசரப்பட்டு அடைத்திருக்கிறார்கள், அல்லது இறுக்கும் குழாய் தொட்டியின் அடியைத் தொட்டு மண்டியை அள்ளிக்கொண்டு வந்திருக்கிறது. அதனால் பீர் கெட்டுவிடவில்லை. ஊற்றும்போது இழப்பு அதிகம், அவ்வளவுதான்.

அடுத்தது நிறம். பச்சையும் பழுப்புமாகப் புள்ளிகள் கலந்திருந்தால் அவை பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூக்களின் துணுக்குகள். உலர் ஹாப்ஸ் முறையில், அதாவது கொதித்து ஆறிய பிறகு, ஹாப்ஸ் போட்ட பீரில் இவை தப்பி வருவது சகஜம் என்றாலும் நான் இவற்றை ஈஸ்ட்டைவிடக் கவனமாகப் பார்ப்பேன். சொரசொரப்பான துணுக்கின் மேல் வாயு குமிழாகத் திரள்வது எளிது. மூடியைத் திறந்ததும் அந்தக் குமிழிகள் மேலே வரும் வேகத்தில் அடியில் கிடப்பதெல்லாம் கிளம்பி, பாதி பீர் மேசைக்கும் மீதி கலங்கலாகக் கோப்பைக்கும் போகும். பஞ்சு போல் லேசாக, அடியிலிருந்து சற்று எழும்பி நிற்கும் சாம்பல் நிறப் படலமாக இருந்தால் அது பெரும்பாலும் புரதம். கொதிக்கும்போதும் குளிரும்போதும் திரண்டு பிரிய வேண்டிய புரதம் சரியாகப் பிரியாமல் வந்திருக்கிறது. கொதிநிலையின் கடைசிக் கால் மணி நேரத்தில் ஐரிஷ் மாஸ் என்ற கடற்பாசியைச் சேர்த்தால் இது வெகுவாகக் குறையும்.

நான் உண்மையிலேயே அஞ்சுவது கழுத்தில் தெரியும் வளையத்துக்குத்தான். பீர் மட்டம் நிற்கும் இடத்தில், கண்ணாடியைச் சுற்றி வெண்மையாக ஒரு கோடு ஒட்டியிருந்தால், உள்ளே அழையா விருந்தாளி இருப்பதற்கான அடையாளம். காட்டு ஈஸ்ட்டோ பாக்டீரியாவோ மேற்பரப்பில் குடியேறியிருக்கும். அடியில் மண்டி எவ்வளவு அழகாகப் படிந்திருந்தாலும் அந்த வளையத்தை அலட்சியம் செய்யக்கூடாது. நம்முடைய ஈஸ்ட் தின்ன முடியாமல் விட்ட நீள் சர்க்கரைகளைக்கூட இவற்றில் சில தின்றுவிடும். வாயு நிற்காமல் பெருகும். டயாஸ்டாட்டிகஸ் என்ற ஈஸ்ட் வகை இந்த விஷயத்தில் பெயர் எடுத்தது. அப்படிப்பட்ட பாட்டில் வெடிக்கலாம், கண்ணாடிச் சில்லு கண்ணைப் பறிக்கலாம். ஒரு பாட்டிலில் வளையம் தெரிந்தாலோ, திறந்த ஒன்று பீறிட்டு அடித்தாலோ, அந்தத் தொகுதி முழுவதையும் உடனே குளிர்சாதனப் பெட்டிக்கு மாற்றி, தடித்த துணியைச் சுற்றி, கண்ணுக்குக் கவசம் அணிந்து, ஒவ்வொன்றாக மூடியைத் தளர்த்தி வாயுவை விடுங்கள். இதில் சிக்கனம் பார்ப்பவர்களிடம் எனக்குக் கோபமே வரும்.

மண்டியே இல்லையென்றால்? அதுவும் நல்ல அறிகுறி இல்லை. பல மாதம் குளிரில் கிடந்த பீரையோ, மிகவும் வலுவான பீரையோ அடைக்கும்போது மிதக்கும் ஈஸ்ட் போதாமல் போகலாம். இரண்டு வாரம் கழித்தும் அடி துடைத்தது போல் இருந்து, பீர் தட்டையாகவும் இனிப்பாகவும் இருந்தால் காரணம் அதுதான். இம்மாதிரி பீருக்கு அடைக்கும்போதே சிறிதளவு புது ஈஸ்ட் சேர்ப்பது நல்லது.

பார்த்தாயிற்று, இனி ஊற்றுவது. பாட்டிலை எப்போதும் நிற்க வைத்தே சேமியுங்கள். கிடத்தி வைத்தால் மண்டி பக்கவாட்டில் நீளமாகப் படியும்; நிமிர்த்தும்போது பாதி கலங்கிவிடும். வாயு ஏறி முடிந்ததும் குளிர்சாதனப் பெட்டியில் குறைந்தது மூன்று நாள், முடிந்தால் ஒரு வாரம் வைக்க வேண்டும். குளிரில் ஈஸ்ட் உறங்கிவிடுவதால் அதைக் கிளறிவிடும் குமிழிகளும் நின்றுபோகின்றன. குளிர்ந்ததும் பீர் லேசாகப் புகை படர்ந்தது போல் ஆகலாம். அது ஈஸ்ட் இல்லை. புரதமும் பாலிஃபீனாலும் குளிரில் சேர்ந்து உண்டாக்கும் மங்கல். அறை வெப்பத்துக்கு வந்தால் தானே மறையும், பல வாரம் குளிரிலேயே விட்டால் அதுவும் அடியில் இறங்கும்.

பெட்டியிலிருந்து மேசைக்குக் கொண்டுவரும்போது தூங்கும் குழந்தையைத் தூக்கி வருகிற மாதிரி வர வேண்டும். பாட்டிலின் பீர் முழுவதையும் கொள்ளும் கோப்பையாகவோ ஜாடியாகவோ எடுத்துக்கொள்ளுங்கள். இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். ஒரே சாய்ப்பில், இடையில் நிமிர்த்தாமல், மெதுவாக ஊற்ற வேண்டும். பாதி ஊற்றிவிட்டு நிமிர்த்தினால் உள்ளே பீர் திரும்பி அடித்து மண்டியைக் கிளப்பிவிடும். இரண்டாவது கோப்பைக்குக் கலங்கல்தான் கிடைக்கும். இரண்டு பேருக்கு என்றால் இரண்டு கோப்பைகளையும் ஒட்டி வைத்து, சாய்வு மாறாமல் ஒன்றிலிருந்து அடுத்ததற்கு நகர்த்தலாம். பாட்டிலின் கழுத்துக்குப் பின்னால் ஒரு விளக்கு இருக்கட்டும். மெல்லிய புகை போன்ற இழை தோளைத் தாண்டிக் கழுத்தை நோக்கி வருவது தெரியும். அங்கே நிறுத்திவிட வேண்டும். அடியில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் பீர் மிஞ்சும். அதை இழப்பாக நினைக்காதீர்கள். தோள் செங்குத்தாக இறங்கும் பாட்டில்கள் இதற்கு உதவும், மண்டி அந்தத் தோளிலேயே தேங்கிவிடும். கழுத்து நீண்டு சரிவாக இறங்கும் பாட்டில்களில் அந்தத் தடுப்பு கிடையாது.

மண்டியைக் கலந்து குடிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், பீரைப் பொறுத்தது என்பதே. ஹெஃபெவைட்சன் என்னும் கோதுமை பீரில் ஈஸ்ட் அந்த பீரின் உடம்பில் ஒரு பங்கு. கிராம்பையும் வாழைப்பழத்தையும் நினைவூட்டும் மணத்தோடு ஈஸ்ட்டின் தடிப்பும் சேர்ந்தால்தான் அது முழுமை. முக்கால் பாகம் ஊற்றிவிட்டு, மீதியைச் சுழற்றி, மண்டியோடு மேலே சேர்ப்பதே அதற்குச் சரியான முறை. ஆனால் பில்ஸ்னர் என்னும் வெளிர்நிற பீர் போன்ற தெளிவான பீரிலோ, ஹாப்ஸின் நறுமணமே உயிரான பேல் ஏலிலோ மண்டியைக் கலப்பதை நான் ஏற்கமாட்டேன். ஈஸ்ட்டின் கசப்பும் மாவுச் சுவையும் நாக்கில் திரை போட்டு நறுமணத்தை மூடிவிடும். கலந்துவிட்டால் தீங்கு ஒன்றுமில்லை. ஈஸ்ட்டில் பி வைட்டமின்கள் நிறைய உண்டு. சிலருக்கு மட்டும் வயிற்றில் வாயு சேரும்.

எவ்வளவு காலம் மண்டியோடு வைக்கலாம்? மிதமான பீரைச் சில மாதங்களுக்குள், குளிர்ச்சியாக வைத்துக் குடித்துவிடுவது நல்லது. உணவின்றிக் கிடக்கும் ஈஸ்ட் மெல்ல மெல்லச் செத்து, தன் நொதிகளாலேயே தன்னைச் சிதைத்துக்கொள்கிறது. வெப்பம் கூடக் கூட இது விரைவாகும். சிதைந்த செல்லிலிருந்து வெளிவரும் ஒரு நொதி நுரையைத் தாங்கும் புரதத்தைத் தின்பதால் கோப்பையில் நுரை நிற்காது. அதன்பின் ரப்பரும் இறைச்சிச் சாறும் கலந்தது போன்ற சுவை தலைகாட்டும். நுண்ணோக்கியின் கீழே நீலச் செல்கள் பெருகுவதைப் பார்த்தால் நான் அந்தத் தொகுதியை முதலில் தீர்க்கத் திட்டமிடுவேன். இதே சிதைவைத்தான் ஷாம்பெயின்காரர்கள் விரும்பி, குறைந்தது ஒரு வருடம் மதுவை ஈஸ்ட்டோடு படுக்கவைக்கிறார்கள். அதன் பிறகு பாட்டிலைத் தலைகீழாக்கி மண்டியைக் கழுத்துக்குக் கொண்டுவந்து, கழுத்தை உறையவைத்து, ஒரே வீச்சில் வெளியேற்றிவிடுகிறார்கள். வலுவான, அடர்ந்த பீர்கள் வருடக்கணக்கில் தாங்கும். பெல்ஜியத்தின் ஓர்வால் போன்ற பீரில் அடைக்கும்போது பிரெட்டனோமைசிஸ் என்ற வேறு ஈஸ்ட் சேர்க்கப்படுகிறது. மாதம் செல்லச் செல்ல அதன் சுவையே வேறாகும். அதற்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

மிஞ்சிய அந்தக் கடைசி இரண்டு சென்டிமீட்டரை எல்லா நேரமும் கொட்டிவிட வேண்டாம். வடிகட்டாத நல்ல பீர் ஒன்று கையில் கிடைத்தால், அதன் மண்டியிலிருந்தே அடுத்த பீருக்கு ஈஸ்ட் வளர்க்கலாம். பாட்டிலின் வாயைத் தீயில் காட்டிச் சுத்தம் செய்துவிட்டு, கொதிக்கவைத்து ஆறிய நீர்த்த மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) கரைசல் ஐம்பது மில்லிலிட்டரில் மண்டியைச் சேர்த்து, தளர்வாக மூடி வைக்க வேண்டும். சில நாளில் குமிழ் விடத் தொடங்கும். பிறகு லிட்டருக்கு நூறு கிராம் உலர் மால்ட் சாறு கரைத்த கரைசலில் படிப்படியாகப் பெருக்கிக்கொண்டு போகலாம். சியரா நெவாடா என்ற அமெரிக்க ஆலையின் பேல் ஏல் பாட்டிலின் மண்டியை இப்படி வளர்ப்பது வீட்டில் பீர் தயாரிப்பவர்களிடையே பலகாலமாக உள்ள பழக்கம். எல்லா ஆலைகளின் பாட்டிலிலும் இது பலிக்காது. நொதிக்கவைத்த ஈஸ்ட்டை நீக்கிவிட்டு, அடைப்பதற்கு வேறோர் ஈஸ்ட் சேர்க்கிற ஆலைகள் உண்டு. அங்கே நாம் வளர்ப்பது அந்த இரண்டாவது ஈஸ்ட்டாக இருக்கும். வலுவான பீரின் மண்டியும் ஏமாற்றும், ஆல்கஹாலில் நெடுநாள் கிடந்து தளர்ந்திருக்கும். வளர்த்த கரைசலை அடுத்த தொட்டியில் ஊற்றுவதற்கு முன் முகர்ந்து பாருங்கள், ஒரு துளி சுவைத்தும் பாருங்கள். புளித்தால் தயங்காமல் கொட்டிவிடுங்கள்.

மண்டியை எடுத்ததும், எடுக்காவிட்டால் ஊற்றி முடித்ததுமே, பாட்டிலில் பாதி தண்ணீர் விட்டுக் குலுக்கிக் கழுவிவிடுங்கள். ஈரமாக இருக்கும்போது இரண்டு குலுக்கலில் போய்விடும். காயவிட்டால் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு சோடியம் பெர்கார்பனேட் கலந்த வெந்நீரில் ஓர் இரவு ஊறவைத்து, நீண்ட தூரிகை போட்டுத் தேய்க்க வேண்டும். கழுவியதை மறுபடியும் விளக்குக்கு எதிரே பிடித்து அடியையும் தோளின் உள்வளைவையும் பார்த்துவிட்டே நான் கவிழ்த்து வைப்பேன். அங்கே மிஞ்சும் ஒரு சிறு புள்ளி போதும், அடுத்த முறை கழுத்தில் அந்த வெள்ளை வளையம் வருவதற்கு.